மாத்தி வைத்த கதை

என் மகன் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆக்ரி. மலையாளத்தில் ஆக்ரி என்றால் காயலான் கடைச் சரக்கு. துருப்பிடித்த இரும்பு, உடைந்த வாளி, ஓடாத மிக்சி, அம்மாவின் பழைய வாரப் பத்திரிகைகள். அவன் வரிசையில் அப்படித்தான் வரும். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீஸில் இங்கிலீஷ். வாசிக்கத் தெரியாதவனுக்கு எல்லாக் காகிதமும் ஆக்ரிதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எல்லாம் இப்போது போனிலேயே கிடைக்குமே என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லுவாள். கிடைக்கட்டும், நன்றாக இருக்கட்டும். நான் சாலைக்குத்தான் போவேன்.

திருவனந்தபுரத்தில் சாலை என்றால் கோட்டைக்குப் பக்கத்துக் கடைத்தெரு. அரிசி மண்டிகளைத் தாண்டி, பூட்டும் கீலும் தொங்குகிற கடைகளுக்கு நடுவில் ஒரு சந்து. அதற்குள்ளே ஒரு பழஞ்சாமான் கடை. இடிக்கிற வீடுகளில் இருந்து வந்த கதவுகள், பிரம்பு பிய்ந்த நாற்காலிகள், ஆளுக்கொரு நேரம் காட்டி நின்றுபோன கடிகாரங்கள். வெள்ளைக்காரர்கள் வந்து வெண்கல உருளியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் இடம் மாடிப்படிக்கு அடியில். அங்கேதான் பத்திரிகைகள் கிடக்கும். சணல் கட்டி, தூசி படிந்து, பாச்சை வாசனையோடு.

குனிந்து உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். வலிக்கட்டும். ஒவ்வொன்றாகப் புரட்டும்போது அதை வாங்கியவளும் கூடவே வருவாள். அட்டைப்படத்து நடிகைக்குப் பேனாவால் மூக்குத்தி போட்டுவிட்டவள் ஒருத்தி. பிடிக்காத நடிகைக்கு மீசை வைத்தவள் ஒருத்தி. கோலப் பக்கத்தில் புள்ளிக்குப் புள்ளி ஊசியால் குத்தி, அடியில் தாளை வைத்துப் பிரதி எடுத்திருப்பாள் இன்னொருத்தி. ஒரு துணுக்குக்குக் கீழே "சிரிப்பே வரலை" என்று பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்து அந்தப் படிக்கட்டடியில் நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். இவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் என் கூட்டாளிகள் இவர்கள்தான்.

ஆனால் நான் கூட்டாளி தேடிப் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு தொடர்கதையின் அத்தியாயங்கள் வேண்டும். என் அப்பா வெட்டி எடுத்துக்கொண்ட அத்தியாயங்கள்.

அப்பா இதே சாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டில் இருந்து வந்தது. முதலாளி வீட்டில் வாசித்து முடித்த பிறகு ஒரு தமிழ் வாரப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும். அக்காவும் நானும் அதில் ஒரு தொடர்கதையைப் பிடித்துக்கொண்டோம். ஒரு மருமகள். விடியுமுன்னே எழுந்து ஒரு பெரிய வீட்டுக்கே வடித்துக் கொட்டுவாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியாக உட்கார்ந்து, ஆறிப்போனதைத் தின்பாள். அப்படியே சில வாரம் போயிற்று. திடீரென்று ஒரு வாரம் பத்திரிகை மெலிந்து வந்தது. நடுவில் கதை இல்லை. அப்பா ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார். கணக்கெழுதுகிற கை அல்லவா, ஒரு இழை பிசிறு கிடையாது.

பொட்டப்பிள்ளைகள் வாசிக்கப்பிடாத கதை என்று அம்மாவிடம் சொன்னாராம். அடுத்த வாரமும் அறுத்தார். அதற்கடுத்த வாரமும். கதை போனால் அதன் பின்பக்கமும் போகும் இல்லையா? ஒரு மைசூர்பாகு செய்முறை "நெய்யை ஊற்றிக் கிளறி" என்பதோடு நின்றுவிட்டது. அம்மா அதைப் பார்த்துக் கிளறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அம்மிக் குழவியால் உடைத்துத்தான் எங்களுக்குக் கொடுத்தாள். தெருவில் வேறு வீட்டில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். அவர்கள் அப்பாவிடமே போய்ச் சொன்னார்கள்.

பிறகு ஒரு வாரம் பத்திரிகை முழுசாக வந்தது. அப்பாவே கையில் கொடுத்து, "இந்த வாரம் வாசிக்கலாம்" என்றார். அக்காவும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு விழுந்து வாசித்தோம். அதுதான் கடைசி அத்தியாயம். கொட்டுகிற மழையில் அந்த மருமகள் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறாள். புருஷன் காலில் விழுகிறாள். போனதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். அவன் பெரிய மனசு பண்ணி உள்ளே வரச் சொல்லுகிறான். அவள் நேரே அடுக்களைக்குப் போகிறாள். முற்றும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அவ எங்க போயிருந்தா?" என்று கேட்டேன்.

"போனா, திரும்பி வந்தா. அது போதும் உனக்கு" என்றார்.

போதவில்லை. அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அவள் மெட்ராஸுக்குப் போய்ச் சினிமாவில் சேர்ந்திருப்பாள் என்று அக்கா சொல்லுவாள். நான் பொன்முடி மலை என்பேன். பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிப்போன இடத்திலேயே அதுதான் எனக்குத் தூரம். வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதாக நினைத்துக்கொள்வேன். அக்கா இப்போது இல்லை. மெட்ராஸ் என்று நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தாள்.

என் வீட்டுக்காரரும் போன பிறகு, கேள்வி கேட்க ஆளில்லாமல், நான் தேட ஆரம்பித்தேன். கடைக்காரர் என் வயதுக்காரர், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என் தலையைக் கண்டதும், "உங்க மருமக இன்னும் வீடு வந்து சேரலியாக்கும்?" என்று கேலி செய்வார். இருக்கட்டும், அவர்தான் எனக்காகத் துழாவி எடுத்தும் வைப்பார். ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஓர் அத்தியாயம் அவள் கையில் பையோடு கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கைவைத்து நிற்பதோடு முடிந்தது. பிறகு கிடைத்ததில் அவள் ஏதோ ஓர் ஊரில் அச்சாபீஸில் பிழை திருத்துகிறாள். சின்ன அறை, ஒரு ஸ்டவ், ஒரு ஆள் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை. தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போன வாரம்.

கடைசி அத்தியாயம் உள்ள பத்திரிகை அவரிடம் இருந்தது. சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள், கதை முழுசாகட்டும் என்று நீட்டுவார். வேண்டாம் என்பேன். தெரிந்த கதைதானே? அதை என் வீட்டு நடைக்குள் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை நான் சந்தில் திரும்பும்போதே அவர் ஒரு பத்திரிகையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்த வாரம்தான்; அட்டை நடிகைக்கு யாரோ பேனாவால் மூக்குத்தி போட்டிருந்தாள். நடுப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், கதை முழுசாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, தூசி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த உடனே வாசிக்கவில்லை. மறுநாள் மதியம் மகனுடைய ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். அவர்கள் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு, முதல் அத்தியாயத்தில் இருந்து ஒழுங்காக வாசித்து வரவேண்டும் என்று ஆசை. எல்லாவற்றையும் அடுக்கிப் பாவாடை நாடாவால் கட்டி, புதிதாகக் கிடைத்ததை மேலே செருகி, ஹாலில் கட்டில் மேல் வைத்தேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுக்களையில் சமையலெல்லாம் முடித்து, கடைசியாகத் துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆட்கள் வருமுன்னே இந்த ஆக்ரியை இங்கிருந்து ஒண்ணு மாற்றணும் என்று மகன் ஹாலில் நின்று சொன்னான். சரி, ஓரமாக எடுத்து வைத்துவிடலாம் என்று நானும் இருந்த இடத்தில் இருந்தே என் மருமகளுக்குக் குரல் கொடுத்தேன்.

"அந்தக் கெட்டை மாத்தி வையி மக்களே."

கெட்டு என்றால் கட்டு, அதில் குழப்பமில்லை; வினை மாத்தி வை என்பதில்தான். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மாத்தி வை என்றால் பத்திரமாக ஒதுக்கி வை. மலையாளம் எங்கள் தமிழில் கொண்டுவந்து போட்ட அர்த்தம் அது. கடையில் ஒரு சேலை பிடித்தால் மாத்தி வையுங்கள் என்போம், எடுத்து வைத்திருப்பார்கள். என் மருமகள் திருநெல்வேலிப் பெண். அப்போது கல்யாணமாகி வந்து நாலைந்து மாதம். அவள் ஊரில் மாத்துவது என்றால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவன் வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, அதுவும் அட்சர சுத்தமான தமிழில், பழைய பேப்பருக்குப் பிளாஸ்டிக் சாமான் என்று கூவிக்கொண்டு வந்திருக்கிறான். விடுவாளா?

கொஞ்ச நேரத்தில் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் பெரிய நீல நிறப் பிளாஸ்டிக் பேசின். முகமெல்லாம் சிரிப்பு.

"மாத்திட்டேன் அத்தை. வாளிதான் குடுத்தான், நான் சண்டை போட்டு பேசின் வாங்கிட்டேன்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் துருவலும் கையுமாக ஹாலுக்கு ஓடினேன். கட்டில் மேல் ஒன்றும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அவள் முகம் செத்துப்போனது ஞாபகமிருக்கிறது. "நீங்கதான அத்தை மாத்தி வைக்கச் சொன்னிய?" என்றாள். சொன்னது நான்தான். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று மகனை வாய் கிழியப் பேசினவள் நான். என் வாயில் இருந்த தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆக்ரி ஆக்ரிக்குப் போச்சு, விட்டுத் தள்ளு அம்மா, ஆட்கள் வருகிற நேரம் என்றான். போனா, திரும்பி வந்தா, அது போதும் உனக்கு என்று அப்பா சொன்னாரே, அதே இழுப்பு. பேரனுக்குத் தாத்தாவின் குரல் எப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறதோ. கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"நானும் வாறேன் அத்தை" என்று மருமகளும் கிளம்பினாள். பேசினையும் தூக்கிக்கொண்டாள். திருப்பி மாத்தணுமே!

மகனுக்கு இப்போதுதான் சிரிப்பு நின்றது. "அப்போ அவங்களுக்கு ஆரு விளம்புவா?" என்றான், பரிமாறுவதைச் சொல்லி.

"சோறு வடிச்சாச்சு, கறி எல்லாம் வச்சாச்சு. உனக்குக் கை இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற பேப்பரை வண்டிக்காரர்கள் சாலைக்குப் பின்னால் உள்ள கிடங்கில்தான் கொண்டுபோய்த் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் மருமகள் மடியில் அந்தப் பேசினை வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். கரமனைப் பாலம் தாண்டியதும், அதில் அப்படி என்ன இருந்தது என்று மெல்லக் கேட்டாள். கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். அப்பா, பிளேடு, மைசூர்பாகு, கொல்லைக் கதவு வரைக்கும் சொன்னேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதற்குள் கிடங்கு வந்துவிட்டது.

உள்ளே ஆள் உயரத்துக்குக் காகிதக் குவியல். எங்கள் வண்டிக்காரன் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டானாம். காவலுக்கு இருந்தவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குவியலைக் கிளறக் கூடாது, முதலாளி திட்டுவார் என்றார். என் மருமகள் பேசினை என் கையில் கொடுத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், குவியல் மேல் ஏறிவிட்டாள். அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

கேள்வித்தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள், மலையாள வாரப் பத்திரிகைகள் எல்லாம் சரிந்து விழுந்தன. அரைமணி நேரம் இருக்கும். "பாவாடை நாடா!" என்று மேலே இருந்து கத்தினாள். கட்டு கிடைத்துவிட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மேலே செருகியது மட்டும் இல்லை.

அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் இல்லாமல், கைக்கு வந்து, ஒரு ராத்திரி என் வீட்டில் இருந்து, வாசிக்காமல் போயிற்றே. மருமகள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் பார்வை ஸ்டூல்காரர் மடிக்குப் போனது. அவர் மடியில் விரித்து, மேலே எண்ணெய் சொட்டும் பழம்பொரி வைத்துத் தின்றுகொண்டிருந்த காகிதத்தில் ஒரு நடிகை, பேனா மூக்குத்தியோடு.

அவள் குனிந்து அவர் பழம்பொரியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பத்திரிகையை உருவி எடுத்தாள். அட்டையில் எண்ணெய் வட்டம். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பேசினைத் திருப்பிக் கொடுத்தால், அது வண்டிக்காரன் கணக்கு, எனக்கு வேண்டாம் என்று மலையாளத்தில் கோபித்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சைவ ஹோட்டல். காலையில் இருந்து இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நேரே அங்கே போனோம். மூன்றாவது நாற்காலியில் பேசின், பேசினுக்குள் கட்டு. சப்ளையர் வந்து அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, வேறு யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். இரண்டு நெய்ரோஸ்ட் சொன்னேன்.

பத்திரிகையை விரித்தேன். எழுத்தெல்லாம் எறும்பு. கோபத்தில் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"தாங்க அத்தை, நான் வாசிக்கேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவள் ஒருத்திதான். அதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். அவள் தாழ்ந்த குரலில், திருநெல்வேலி இழுப்போடு வாசித்தாள்.

அந்த மருமகள் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போகிறாள். பஸ் ஏறுகிறாள். தெரியாத ஓர் ஊரில் இறங்குகிறாள். பசிக்கிறது. ஒரு ஹோட்டல் வாசலில் தயங்கித் தயங்கி நிற்கிறாள். உள்ளே எல்லாம் ஆண்கள். பிறகு நடுவில் இருக்கிற மேஜையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். கூட யார் வருகிறார்கள் என்று பரிமாறுகிறவன் கேட்கிறான். யாரும் இல்லை என்கிறாள். இந்த இடத்தில் என் மருமகள் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள். தோசை வருகிறது. ஆவி பறக்கிறது. விரல் சுடுகிறது. கல்யாணமான நாளில் இருந்து சுடச்சுட ஒன்றும் தின்றதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. இன்னும் ஒன்று கொண்டுவரச் சொல்லுகிறாள். தின்று முடித்து, கை கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறாள். அவ்வளவுதான். அந்த வாரம் முடிந்தது.

"வேற ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

திருப்பிப் பார்த்தாள். "இல்ல அத்தை. அந்தாலதான் மைசூர்பாகு வருது."

கள்ளக் காதலன் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. என்னென்னவோ நினைத்திருந்தேன் இத்தனை வருடமும். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து சுடச்சுட இரண்டு தோசை தின்றாள். என் அப்பாவுக்குப் பொறுக்காமல் போனது அதுதான். அதற்குத்தான் ஸ்கேல், அதற்குத்தான் பிளேடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே கோபம் வந்தது. செத்துப்போன மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? அக்காவிடமாவது சொல்லலாம் என்றால் அவளும் இல்லை.

நெய்ரோஸ்ட் வந்தது. போனும் அடித்தது. மகன். அப்பளம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்பான், வேறென்ன? மருமகள் போனை எடுக்கப் போனாள்.

"தின்னுட்டு எடுக்கலாம், ஆறிரும்" என்றேன்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டு பேரும் விரல் சுடச்சுடத் தின்றோம். பாதியில் அவள் தலையைத் தூக்கி, சட்னி கையோடு கேட்டாள்.

"அப்புறம் அவ வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாளா அத்தை?"

மழையும் வாசலும் அந்தக் காலில் விழுதலும் கண்ணுக்கு முன்னால் வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் எங்கள் கையில் வலியக் கொடுத்த அத்தியாயம். மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அப்பா அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவைத்தார். இவளுக்கு அந்த ஒன்று மட்டும் கிடையாது.

"போகல்ல மக்களே" என்றேன். "அந்த அச்சாபீஸ்லதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

அவள் தலையாட்டிவிட்டுச் சப்ளையரைக் கூப்பிட்டு இன்னொரு நெய்ரோஸ்ட் சொன்னாள்.